வேரோடு போன மரம்

சந்தன மரத்தை யாரும் அடிமரத்தோடு அறுத்து விடுவதில்லை. சுற்றிலும் தோண்டி வேரோடு எடுப்பார்கள். வேரிலும் அடிமர வைரத்திலும்தான் எண்ணெய் அதிகம். அறுத்தால் நல்ல பணம் மண்ணுக்குள் நின்றுவிடும். அதனால் எடுத்த இடத்தில் குழிதான் மிஞ்சும். இந்தச் சரிவில் எத்தனை மரம் நின்றது என்று கணக்குச் சொல்ல ஓர் அடிக்கட்டைகூட இருக்காது. இரண்டு மழையில் குழியும் தூர்ந்துபோகும். எங்கள் ஜவ்வாது மலையின் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு மூன்றிலும் அழிவு இப்படித்தான் தடம் இல்லாமல் நடந்தது.

என் அப்பா காட்டிலாகாவுக்குக் கூலியாக மரம் தோண்டியவர். எண் போட்ட மரத்தை எடுத்து, வெள்ளையைச் செதுக்கித் தள்ளி, வைரத்தைத் திருப்பத்தூர் கிடங்குக்கு அனுப்புவார்கள். அங்கே கட்டைக்குக் கட்டை தரம் பிரிப்பார்கள். முதல் தரத்துக்குப் பெயர் விலாயத் புத். ஒவ்வொன்றும் ஒன்பது கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒரு டன்னுக்கு 112 கட்டைக்கு மேல் போகக் கூடாது. அடுத்தது சைனா புத்; அதில் பாதி எடை போதும். பிறகு பஞ்சம், வேர், சிராய் என்று இறங்கி மரத்தூள் வரைக்கும் வரும். தூளுக்கும் விலை உண்டு. ஏலம் எடுக்க வடநாட்டு வியாபாரிகள் வருவார்கள். அப்பாவுக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். கட்டை என்ன விலைக்குப் போயிற்று என்பது மட்டும் அவருக்குத் தெரிந்ததே இல்லை.

திப்பு சுல்தான் 1792இல் மைசூரில் சந்தனத்தை அரசுக்கு உரிய மரமாக்கினார் என்று படிக்கிறோம். வெள்ளைக்காரனும் அந்த வழியையே பிடித்துக்கொண்டான்; நம் அரசும் விடவில்லை. அப்போதெல்லாம் உன் பட்டா நிலத்தில் முளைத்தாலும் உன் விருப்பத்துக்கு அதை வெட்டவோ விற்கவோ முடியாமல் இருந்தது. களவு போனால் பதில் மட்டும் நீ சொல்ல வேண்டியிருந்தது. சந்தனப் பழத்தைத் தின்ற கொண்டைக்குருவி எங்கள் சாமைக் கொல்லை வரப்பில் எச்சமிடும். கன்று தானாக வரும். அப்பா அதைக் களைக்கொத்தால் கொத்தி எறிவார். ஏன் என்று கேட்டேன். "இது வளர்ந்தா கார்டு வருவான், கார்டு போனா திருடன் வருவான். சாமைக்கு எவனும் வரமாட்டான்டா" என்றார். வீட்டுக்கு வீடு இதே கதை. காட்டில் இருந்ததைக் கள்ளன் எடுத்தான், சரி. கொல்லையில் வந்ததைக் குடியானவனே கொத்திப் போட்டானே, அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. என்னைக் கேட்டால், கோடரியைவிட இந்தச் சட்டம்தான் அதிக மரத்தைத் தின்றது.

நோயும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டது. குடகில் 1899இல் முதன்முதலாகக் கண்ட ஸ்பைக் நோய் தமிழகக் காடுகளுக்கும் பரவியது. இலை சிறுத்து முள்போல் விறைக்கும், பூப்பு நிற்கும், இரண்டு மூன்று வருஷத்தில் மரம் பட்டுப்போகும். ஒரு காலத்தில் உண்ணிச்செடிமேல் பழி போட்டார்கள். 1969இல்தான் மிக நுண்ணிய ஒரு கிருமியை நுண்ணோக்கியில் கண்டார்கள். இன்று அதை ஃபைட்டோபிளாஸ்மா என்கிறார்கள்.

பிறகு கடத்தல் காலம். ராத்திரியில் தலைச்சுமையாக இறக்கினார்கள். சுமந்தவன் மலைக்காரன், லாரி கீழ்நாட்டானுடையது, வழக்கு சுமந்தவன்மேல். சித்தேரி மலைப் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடி வந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊரையே சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வர 2011 ஆயிற்று; உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். அந்த ஊர்க்காரர்களும் எங்களைப் போல மலையாளிகளே. (கேரளத்துக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.)

மரம் தீர்ந்தது; தோண்டவும் செதுக்கவும் சுமக்கவும் பழகிய கை தீரவில்லை. தரகர்கள் அந்தக் கையை ஆந்திரத்துச் செம்மரத்துக்குக் கூட்டிப்போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரச் சிறப்புக் காவல்படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. அதில் ஜவ்வாது மலையாட்களும் இருந்தார்கள்.

வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் எங்கள் முன்னோர் கதை ஒன்று இருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளப் பெண்கள் ஏழு பேரைத் தூக்கிப்போனார்கள். நாய்களோடு மீட்கப் போன ஏழு ஆண்கள், அவை மட்டும் திரும்பினால் நாங்கள் செத்தோம் என்று கருமம் செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம், நாய்கள் பாதியில் திரும்பிவிட்டன. வேடரைக் கொன்று ஊர் வந்தவர்களுக்குக் காரியம் முடிந்து, பெண்டாட்டிகள் தாலியறுத்திருந்தார்கள். பிறகு வேடர் பெண்களைக் கட்டி இந்த மலையேறினார்கள் என்கிறது கதை. கங்குந்தி இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. செம்மரத்துக்குப் போய் மாதக்கணக்கில் சேதி இல்லாத ஆளுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் தவித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

2002இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. நிலத்துக்காரனே மரத்துக்கும் சொந்தக்காரன். விற்பது இன்னும் வனத்துறை வழியாகத்தான். என் அண்ணன் மகன் மேட்டுக் கொல்லையில் ஐம்பது கன்று வைக்கப்போகிறேன் என்று வந்து நின்றான். சந்தனக் கன்று தனியாகப் பிழைக்காது, பக்கத்துச் செடியின் வேரைப் பற்றித்தான் வளரும், துவரையை ஊடே போடு என்றேன். வைரம் ஏறி வெட்டும் பதம் வர முப்பது வருஷம் ஆகும் என்றும் சொன்னேன். "அதுவரைக்கும் காவல் யாரு சித்தப்பா?" என்றான். நாய் வாங்கிக் கட்டு என்றேன், வேறென்ன சொல்ல?