1089 சி.சி. எஞ்சின்: மோடெனா முதல் ராஜபாளையம் வரை

என்ஸோ ஃபெராரி தன் சொந்தப் பட்டறையில் கட்டிய முதல் காரின் மேல் அவர் பெயர் இல்லை. 1940-இல் இத்தாலியின் மோடெனா நகரில் உருவான அந்தப் பந்தயக் காருக்கு 'ஆட்டோ ஆவியோ கோஸ்ட்ருட்சியோனி 815' என்று பெயர். மொத்தம் இரண்டு கார்களே செய்யப்பட்டன. இன்று எஞ்சியிருப்பது ஒன்று. அதற்கு மூலப்பொருளாக அமைந்தது ஃபியட் நிறுவனத்தின் சாதாரணக் குடும்பக் கார். அதே காரின் எஞ்சின் வழிவந்ததுதான் பிரீமியர் பத்மினியின் பெட்ரோல் எஞ்சின். மில் ஊரான ராஜபாளையத்திலும் தேர் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலும் 'ஃபியட்' என்றே அழைக்கப்பட்ட கார் அது. உலகச் சந்தையில் விலை மதிக்க முடியாத ஒரு காரும், பட்டறை வாசலில் பானட் திறந்து நின்ற ஒரு காரும் ஒரே எஞ்சின் மரபைச் சேர்ந்தவை என்பதால், ஒன்றைப் புதுப்பிப்பதில் எழும் சிக்கல்கள் மற்றொன்றுக்கும் பொருந்துகின்றன.

ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டது 1936-இல். அதற்கு அடுத்த ஆண்டு, இளம் பொறியாளர் தாந்தே ஜியாகோசாவின் வடிவமைப்பில் ஃபியட் 508சி வெளிவந்தது. நான்கு சிலிண்டர், 68 மி.மீ. துளை, 75 மி.மீ. ஸ்ட்ரோக், 1089 சி.சி., 32 குதிரைத்திறன். வால்வுகள் சிலிண்டருக்கு மேலே. அவற்றைத் தள்ளும் கேம் ஷாஃப்ட் கீழே, பிளாக்கின் உள்ளே. அன்றைய சிறிய கார்கள் பலவற்றில் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டிலேயே இருந்தன. காற்றும் பெட்ரோலும் நேராக உள்ளே இறங்கும் ஜியாகோசாவின் அமைப்பில், கூடுதல் திறன் எடுக்க இடம் இருந்தது. பந்தயக்காரர்கள் இந்த எஞ்சினை நாடியதற்கு முதல் காரணம் அதுதான். மலிவு என்பது அடுத்த காரணம்.

ஃபெராரி 1939-இல் ஆல்ஃபா ரோமியோவை விட்டு விலகினார். நான்கு ஆண்டுகளுக்குத் தன் பெயரில் பந்தயத்தில் இறங்கக் கூடாது என்ற நிபந்தனை அவரைக் கட்டியது. அந்த ஆண்டின் இறுதியில் பந்தய ஓட்டுநர்களான ஆல்பர்தோ அஸ்காரியும் லொதாரியோ ரங்கோனியும் ஆளுக்கொரு கார் வேண்டும் என்று அவரிடம் வந்தார்கள். மறு ஏப்ரலில் பந்தயம். நாலு மாதத்தில் புதிதாக ஒரு காரை முழுவதும் வார்த்துக் கடைந்து முடிக்க முடியாது. தன் உறுப்புகளால் ஆன கார்கள் தம் பிரிவில் வென்றால் பரிசு தருவதாக ஃபியட் அறிவித்திருந்ததும் சேர்ந்துகொள்ள, 508சியின் அடிச்சட்டமே அடித்தளமாயிற்று. ஆல்பர்தோ மாசிமினோ வரைபடங்களைத் தயாரித்தார்.

இரண்டு ஃபியட் எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியதுதான் 815 என்று எளிமையாகச் சொல்லப்படுவதுண்டு. அது பாதி உண்மை. இரண்டு 1089-ஐ அப்படியே சேர்த்தால் 2178 சி.சி. வரும், போட்டிப் பிரிவின் வரம்போ 1500. ஆகவே எட்டு சிலிண்டருக்கும் புதிய அலுமினிய பிளாக் வார்க்கப்பட்டது. துளை 63 மி.மீ., ஸ்ட்ரோக் 60 மி.மீ. எனக் குறைக்கப்பட்டு, 1496 சி.சி.யில் கணக்கு நின்றது. கிராங்க் ஷாஃப்டும் கேம் ஷாஃப்டும் புதியவை. சிலிண்டர் ஹெட்டுகள் ஃபியட்டின் வழிவந்தவை. நான்கு வெபர் கார்புரேட்டர்களுடன் சுமார் 75 குதிரைத்திறன் கிடைத்தது. மிலானின் டூரிங் நிறுவனம் மெக்னீசியக் கலவைத் தகட்டில் உடலைச் செய்து கொடுத்தது. எட்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர்: 815 என்ற எண் இப்படி வந்தது.

1940 ஏப்ரல் 28-இல் பிரெசியா, கிரெமோனா, மாந்துவா நகரங்களை இணைக்கும் சாலையில் பந்தயம் நடந்தது. இரண்டு கார்களும் தம் பிரிவில் முன்னணியில் ஓடின. இரண்டுமே முடிவுக்கோட்டைத் தொடவில்லை. அஸ்காரியின் கார் தொடக்கத்திலேயே வால்வுக் கோளாறில் நின்றது. ரங்கோனி வெகுநேரம் தாக்குப்பிடித்துப் பிற்பகுதியில் விலகினார். ஒட்டுமொத்த வெற்றி ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ 328-க்குப் போயிற்று. சில வாரங்களில் இத்தாலியும் போரில் இறங்க, ஃபெராரியின் பட்டறை கிரைண்டிங் இயந்திரங்கள் செய்யப் போய்விட்டது. ரங்கோனி போர்க்காலத்தில் இறந்தார். அவருடைய கார் பின்னர் பழைய இரும்புக் கிடங்கில் அழிந்தது. அஸ்காரியின் கார் கைமாறிக் கைமாறிப் பிழைத்து, மாரியோ ரிகினியின் சேகரிப்பில் சேர்ந்தது. 1952, 1953 ஆண்டுகளின் உலக சாம்பியனாக அஸ்காரி உயர்ந்ததும் அந்தக் காரின் மதிப்புக்கு ஒரு காரணம்.

1089 எஞ்சின் போரோடு முடியவில்லை. சிசிதாலியா போன்ற சிறிய இத்தாலிய நிறுவனங்கள் அதையே வைத்துப் பந்தயக் கார்கள் செய்தன. 1953-இல் ஃபியட் 1100-103 புதிய உடலோடு வந்தபோதும் எஞ்சினின் துளையும் ஸ்ட்ரோக்கும் மாறவில்லை. மறு ஆண்டு அந்தக் கார் இந்தியா வந்தது. வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாயின் குர்லா ஆலையில் அதைத் தயாரித்தது. 1964-இல் 'டிலைட்', 1970-களின் தொடக்கத்தில் 'பிரெசிடென்ட்', 1974-இல் 'பத்மினி' என்று பெயர்கள் மாறின. இத்தாலி 1969-இல் 1100 வரிசையைக் கைவிட்ட பின்னும் இந்தியா ஏறக்குறைய முப்பது ஆண்டு அதைத் தொடர்ந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடும் உரிமமுறையும் மாற்று மாடலுக்கு வழிவிடாததே இந்த நீண்ட ஆயுளுக்குக் காரணம். தொழில்நுட்பச் சிறப்பை மட்டும் காரணமாகச் சொல்வது மிகை. போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் சென்னைப் பந்தயக்காரர்கள் ஹெட்டைச் சீவி, கார்புரேட்டரை மாற்றி ஓட்டிய கார்களில் ஃபியட்டும் உண்டு. மோடெனாவில் நடந்ததன் சிறிய வடிவம் என்று அதைச் சொல்லலாம்.

இந்த எஞ்சினைப் புதுப்பிக்கும்போது முதலில் சோதிக்க வேண்டியது ஹெட்டைத்தான். இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருக்கிறது; சூட்டில் இரண்டும் ஒரே அளவாக விரிவதில்லை. சித்திரை வெயிலில் ரேடியேட்டரில் தண்ணீர் வற்றிய காரை நிறுத்தாமல் ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும், கேஸ்கெட் போய்விடும். ஆயிலில் தண்ணீர் கலந்து பால் காப்பி நிறத்துக்கு வருவது இதற்கு அடையாளம். ஹெட்டைக் கழற்றி, நேர்விளிம்புச் சட்டத்தை அதன் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்ப்பார்கள். வளைவு இருந்தால் லேத் பட்டறையில் ஃபேசிங். ஒவ்வொரு ஃபேசிங்கிலும் ஹெட்டின் கனம் குறைந்து அழுத்த விகிதம் ஏறுவதால், பலமுறை சீவப்பட்ட ஹெட் மறுபடி உதவாது. தேய்ந்த சிலிண்டரை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதிலும் இதே எல்லை உண்டு. நூற்பாலை இயந்திரங்களின் தேவையால் வளர்ந்த ஃபிட்டர், டர்னர் தொழில் ராஜபாளையத்துக்குப் புதிதல்ல. இந்த வேலைகளுக்குத் தேவையான கைத்திறனும் அதே வகையைச் சேர்ந்தது.

உடல்பகுதி வேறு கதை. 1953-க்குப் பிந்தைய 1100-க்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. தளமும் உடலும் ஒன்று. எனவே தளத்தில் துரு ஏறினால் அது அழகுப் பிரச்சினையாக நிற்காமல் காரின் உறுதியையே பாதிக்கும். துருவின் மேல் பட்டி போட்டுப் பெயிண்ட் அடிக்கும் டிங்கரிங் சில மழைக்காலம்தான் தாங்கும். அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே முறை.

எஞ்சினைப் பொறுத்தவரை பெரிய இழப்பு வேறு வழியில் வந்தது. டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெட்ரோல் கார்கள் பலவற்றின் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பொருத்தினார்கள். கழற்றிய 1089-கள் பழைய இரும்பாகப் போயின. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் பெரிதும் மாறாத கார்கள் 'விஏ' எழுத்துகளுடன் பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெறலாம். 1974-இல் பதிவான பத்மினிகள் 2024-இல் அந்த வயதை எட்டின. டீசலுக்கு மாறிய கார் இந்தப் பதிவைக் கோர வேண்டுமானால் அதே வரிசையின் பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் பிடித்துப் பொருத்த வேண்டும். அப்படிக் கிடைத்தாலும், அந்த எஞ்சின் எண்ணை ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவுச் சான்றில் ஏற்றியாக வேண்டும்.