அரை நாள் பள்ளி, அரை நாள் தொழில்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் சிதம்பரத்திலோ கடலூரிலோ ஏதாவது ஒரு மேல்நிலைப் பள்ளியின் அலுவலக வாசலில் போய் நின்றால் போதும். ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்குமா, காமர்ஸ் கிடைக்குமா என்று ஒரே கூட்டமாக இருக்கும். மார்க் குறைந்த பையனைப் பார்த்து, "வொகேஷனல்ல போட்டுடலாமா?" என்று ஒரு குரல் கேட்கும். உடனே கூட வந்த அப்பாவின் முகம் மாறிவிடும். மோட்டார் ஓட்டவும் கணக்கு எழுதவும் துணி தைக்கவும் சொல்லிக் கொடுக்கும் ஒரு படிப்பு, எப்படி தண்டனை மாதிரி ஆகிப் போனது?

இதற்குப் பதில் தேடினால் 1953-ஆம் ஆண்டில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அப்போது சென்னை மாகாண முதலமைச்சர் ராஜாஜி. கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளுக்காக அவர் ஒரு திட்டம் கொண்டு வந்தார். அதன்படி பிள்ளைகள் தினமும் மூன்று மணி நேரம் பள்ளிக்கு வந்தால் போதும். மீதி நேரம் அப்பாவிடமிருந்து தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரே கட்டிடத்தில் ஒரே ஆசிரியரை வைத்து இரண்டு ஷிப்ட் நடத்தலாம், இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது கணக்கு. கையில் பணம் இல்லாத அரசாங்கம், பள்ளிக்கே வராத லட்சக்கணக்கான குழந்தைகள் என்ற நிலையில் வெறும் செலவுக் கணக்காகப் பார்த்தால் இது புத்திசாலித்தனமான யோசனைதான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் சிதம்பரம் வட்டாரத்தை வைத்து யோசித்துப் பாருங்கள். புவனகிரி நெசவாளியின் மகன் மதியத்துக்கு மேல் தறியில் உட்காருவான். பரங்கிப்பேட்டை மீனவர் மகன் வலை பின்னுவான். காட்டுமன்னார்கோயில் பக்கம் மிராசுதாரின் வயலில் கூலி வேலை செய்பவரின் மகன் என்ன தொழில் கற்றுக்கொள்வான்? ஆசிரியரின் மகன் மதியம் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வான்? படிப்பான்! அப்பா செய்யும் வேலை பெரும்பாலும் ஜாதியால் முடிவான ஒரு சமூகத்தில், "அப்பாவிடம் கற்றுக்கொள்" என்பதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். திராவிட இயக்கத்தினர் அதற்கு வைத்த பெயர் "குலக்கல்வித் திட்டம்". அரசாங்கம் வைத்த பெயர் இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. இந்தப் பெயர்தான் நிலைத்தது.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இது ஏதோ தூரத்துச் சண்டை அல்ல. இதே ஊரில் 1916-லேயே சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் ஒரு பள்ளியைத் தொடங்கி, தலித் பிள்ளைகளைப் படிக்க வைக்க ஆரம்பித்திருந்தார். வயலை விட்டு வகுப்புக்கு அந்தப் பிள்ளைகளைக் கொண்டு வருவதே பெரும்பாடு. அப்படி வந்தவர்களின் தம்பி தங்கைகளைப் பாதி நாள் மறுபடியும் வயலுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டத்துக்கு எதிரானது. பெரியாரின் திராவிடர் கழகமும் களத்தில் இறங்கியது. காங்கிரஸுக்குள்ளேயே பலருக்குப் பிடிக்கவில்லை. திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் சட்டமன்றத்தில் வந்தபோது இரண்டு பக்கமும் சரிசமமாக 138 ஓட்டுகள் விழுந்தன என்றால் சூட்டைப் புரிந்துகொள்ளலாம். பிறகு பாருலேகர் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. அது திட்டத்தை ஆதரித்தே அறிக்கை கொடுத்தது. ஆனால் அறிக்கையை வைத்துக்கொண்டு அரசியலில் என்ன செய்ய முடியும்? 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரல் 13-ஆம் தேதி காமராஜர் முதலமைச்சர் ஆனார். மே மாதம் 18-ஆம் தேதி திட்டம் கைவிடப்பட்டதாக சி. சுப்பிரமணியம் அறிவித்தார்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். காந்தியின் ஆதாரக் கல்வியும் (1937 வார்தா மாநாடு) இதுவும் ஒன்றுதான் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஒன்றல்ல. வார்தா திட்டத்தில் நூற்பும் நெசவும் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே, ஆசிரியர் முன்னிலையில், எல்லா ஜாதிப் பிள்ளைகளுக்கும் பொதுவாக நடக்கும். ராஜாஜி திட்டம் பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. கைத்தொழில் இரண்டிலும் இருக்கிறது. யார் எந்தத் தொழிலைக் கற்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இன்னொரு பாதையும் இதற்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை, அதனால் யாரும் பேசுவதும் இல்லை. அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.யில் பொறியியல், விவசாயம், செயலகப் பணி என்று சிறப்புப் பிரிவுகள் சில உயர்நிலைப் பள்ளிகளில் இருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-ல் வேலை செய்த இடைநிலைக் கல்விக் குழு, ஒரே பள்ளியில் பல பிரிவுகள் கொண்ட பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றது. இவை பெரிதாக வளரவில்லை. ஆனால் பள்ளிக்கு வெளியே ஒன்று வளர்ந்தது. அதுதான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்! கடைத்தெரு மாடியில் நாலு மெஷின் போட்டு, லோயர், ஹையர் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்கு அனுப்பி, ஒரு தலைமுறையையே ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்தவை அவை. எந்தக் கல்விக் கொள்கையும் சாதிக்காததைக் காலையில் ஒரு மணி நேர வகுப்பு சாதித்தது. காரணம் எளிது. அங்கே அப்பாவின் தொழிலைக் கற்பிக்கவில்லை. அப்பாவுக்குக் கிடைக்காத வேலைக்கு வழி காட்டினார்கள்.

1978-ல்தான் அடுத்த பெரிய மாற்றம். கல்லூரியில் இருந்த பி.யூ.சி. போய், தமிழகப் பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்தது. அதோடு தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. அதே ஆண்டு மால்கம் ஆதிசேசய்யா தலைமையிலான தேசியக் குழு "லேர்னிங் டு டூ" என்ற அறிக்கையைக் கொடுத்தது. விவசாயம், கிராமத் தொழில், வணிகம், மருத்துவ உதவிப் பணி என்று பள்ளியைச் சுற்றியுள்ள ஊருக்கு எது தேவையோ அதைக் கற்றுக்கொடுங்கள் என்பது அதன் சாரம். ஜெனரல் மெஷினிஸ்ட், நர்சிங், நெசவு, கணக்குப்பதிவியலும் தணிக்கையியலும், அலுவலகச் செயலியல் என்று பிரிவுகள் பெருகின. அப்போது மொத்தம் 1200 மார்க்கில் தொழிற்பாடத்துக்கு ஒரு தியரி தாளும் இரண்டு செய்முறைத் தேர்வும் இருந்தன.

காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கற்றுக்கொடுக்க வந்த பலர் பகுதி நேர ஆசிரியர்கள். தாங்கள் பகுதி நேரமாக உழைத்த ஆண்டுகளை ஓய்வூதியத்துக்குக் கணக்கில் சேர்க்கச் சொல்லி அவர்கள் பின்னாளில் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஆசிரியரையே அரை ஆளாக வைத்த ஒரு படிப்பை மாணவன் எப்படி முழுப் படிப்பாக நினைப்பான்?

1986 தேசியக் கல்விக் கொள்கை, 1990-க்குள் மேல்நிலை மாணவர்களில் 10 சதவீதம் பேரையும், 1995-க்குள் 25 சதவீதம் பேரையும் தொழிற்கல்விக்குக் கொண்டு வருவோம் என்றது. முடியவில்லை. 1992-ல் அதே இலக்கை அப்படியே 1995-க்கும் 2000-க்கும் தள்ளி வைத்தார்கள். (வட்டி கட்டாமல் கடனைப் புதுப்பித்தது போல!)

பட்டறைக்குள் போய்க் கற்பதற்கும் சட்டம் இருந்தது. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் 1986-ல் திருத்தப்பட்டு, பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். கடலூர் மாவட்டத்துக்கு இது பெரிய விஷயம். ஏனென்றால் 1956-ல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. சுரங்கம், அனல் மின் நிலையம், ஒர்க்‌ஷாப் எல்லாம் ஒரே இடத்தில். அங்கே அப்ரண்டிஸ் இடத்துக்கு எப்போதும் போட்டிதான். பயிற்சி முடிந்தால் வேலை நிச்சயம் என்று சட்டம் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் பலரின் இருபதுகள் கழிந்தன.

ஜெர்மனியைப் பார், அங்கே பிள்ளைகள் வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியில் கற்கிறார்கள், மற்ற நாளில் பள்ளிக்குப் போகிறார்கள் என்று நம் ஊர்க் கட்டுரைகள் அடிக்கடி உதாரணம் காட்டும். உண்மைதான். 1969 சட்டம் அதை முறைப்படுத்தியது. ஆனால் அங்கே கம்பெனியே மாணவனோடு ஒப்பந்தம் போட்டு உதவித்தொகை கொடுக்கிறது, சான்றிதழுக்கு நாடு முழுக்க மதிப்பு இருக்கிறது. அங்கேயும் பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள் என்ற குறை உண்டு. பிலிப் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர் 1965-ல் கானா நாட்டைப் பற்றி எழுதியது நமக்கு இன்னும் நெருக்கமானது. பிள்ளைகள் ஏட்டுப் படிப்பை விரும்புவது உடல் உழைப்பை வெறுப்பதால் அல்ல, அந்தப் படிப்புக்குத்தான் நல்ல சம்பளம் கிடைக்கிறது என்பதால் என்றார். பாடத்திட்டத்தை மாற்றி இதை மாற்ற முடியாது என்றும் சொன்னார். பள்ளி வாசலில் முகம் மாறிய அந்த அப்பாவும் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்.

2018-ல் தமிழகத்தில் புதிய பாடத்திட்டம் வந்தபோது தொழிற்கல்விப் பிரிவுகளும் மாறின. அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், வேளாண் அறிவியல் என்று புதுப் புத்தகங்கள் வந்தன. 1953-ன் வாசனை மட்டும் போகவில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் அறிமுகம் என்றவுடன் இங்கே முதலில் எழுந்த வார்த்தை குலக்கல்விதான். 2023-ல் மத்திய அரசு கைவினைஞர்களுக்காக விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோதும் அதே வார்த்தை வந்தது. அதில் சேர 18 வயது போதும், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும். கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் பிள்ளையைத் தறியில் உட்கார வைப்பதா என்று கேட்டு, அந்த வடிவில் ஏற்க முடியாது என 2024 நவம்பரில் தமிழக அரசு எழுதியது. 2025-ல் அது தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லை. குறைந்தபட்ச வயது 35.