குன்றுக்குக் கீழே ஒரு வீடு

ஆங்கிலத்தில் ‘கோஸி மிஸ்டரி’ என்றொரு கதைவகை உண்டு. கொலை நடக்கும், ரத்தம் தெறிக்காது. சிற்றூர், புத்தகக்கடை, தேநீர், பூனை, துப்புத் துலக்கும் ஒரு பெண்மணி. அவள் சூனியக்காரியாகவும், சந்தேகத்துக்குரியவர்கள் எழுத்தாளர் இல்லங்களைக் காணப் புறப்பட்ட சுற்றுலாக் குழுவினராகவும் அமைந்துவிட்டால் வாசகருக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. இவ்வகைக் கதைக்கென்றே அமைந்தது போன்ற ஊர் ஒன்று உண்டு: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். நம் சேலத்துக்கும் அதற்கும் பெயரளவிலேயே ஒற்றுமை.

இலக்கியப் பயணிகள் அங்கே முதலில் தேடிச் செல்வது, நதானியேல் ஹாதோர்ன் 1851இல் வெளியிட்ட ‘தி ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்’ நாவலின் வீட்டை. 1668இல் கட்டப்பட்ட அவ்வீட்டை 1908இல் கரோலைன் எம்மர்டன் வாங்கிப் புதுப்பித்து, 1910இல் பார்வையாளர்களுக்குத் திறந்தார். நாவலில் ஹெப்ஸிபா நடத்தும் சிறுகடையையும் அங்கே அமைத்தார். நுழைவுக் கட்டணம் புலம்பெயர்ந்த ஏழைகளுக்கான நற்பணிகளுக்குச் சென்றது. நாவலும் ஒருவகையில் மர்மக்கதையே. நிலத்துக்காகச் சூனியக்காரன் என்று பழிசுமத்தித் தூக்கிலிடப்பட்டவனின் சாபம், நாற்காலியில் அமர்ந்தபடியே நேரும் மரணம், படத்துக்குப் பின்னே மறைந்த பத்திரம் என எல்லாம் அதில் உண்டு.

அந்தச் சாபத்தின் வேர் ஹாதோர்னின் குடும்பத்திலேயே இருந்தது. 1692இல் சேலத்தில் சூனியக் குற்றம் சாட்டப்பட்டோரை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவரான ஜான் ஹாதோர்ன் அவருடைய முன்னோர். அவ்வாண்டு 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கிலிடப்பட்டனர். நீதிமன்ற விசாரணைக்கு உடன்பட மறுத்த ஜைல்ஸ் கோரி, பாறாங்கற்களை மேலே அடுக்கிக் கொல்லப்பட்டார். சிறையிலும் ஐவரேனும் மாண்டனர். சாமுவேல் சூவல் என்ற நீதிபதி 1697இல் பொதுவில் பிழையை ஒப்புக்கொண்டார். ஜான் ஹாதோர்ன் அப்படி எதுவும் செய்யவில்லை.

ஆனால் சேலத்தில் நெடுங்காலம் விடைகாணாதிருந்த மர்மம் வேறு. அந்த 19 பேரும் எந்த இடத்தில் தூக்கிலிடப்பட்டனர்? 1867இல் வரலாறு எழுதிய சார்லஸ் அப்ஹம், கேலோஸ் ஹில் குன்றின் உச்சி என்றார். 1921இல் சிட்னி பெர்லி என்ற உள்ளூர் வரலாற்றாளர் அதை மறுத்து, குன்றின் அடிவாரத்திலுள்ள ‘ப்ராக்டர்ஸ் லெட்ஜ்’ என்ற பாறைத்திட்டைச் சுட்டினார். 1936இல் நகராட்சி அங்கே நிலமும் வாங்கியது. ஆயினும் அடையாளக்கல் எதுவும் நடப்படாமல் அவ்விடம் மறதியில் மூழ்கியது.

2016இல் அறிஞர் குழு ஒன்று இதற்கு முடிவு கண்டது. அவர்களுக்குக் கிடைத்த துப்பு, நீதிமன்ற ஆவணத்தின் சில வரிகளே. 1692 ஆகஸ்டு 19 அன்று ஐவர் தூக்கிலிடப்பட்டனர். அன்றே விசாரணைக்குக் கொண்டுவரப்பட்ட ரெபெக்கா ஈம்ஸ் என்ற பெண்ணிடம், அதைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். குன்றுக்குக் கீழே உள்ள வீட்டில் இருந்ததாகவும், அங்கிருந்து சிலரைக் கண்டதாகவும் அவள் சொன்னாள். அந்த வீடு பாஸ்டன் சாலையில் எங்கே இருந்தது என்பதைப் பழைய ஆவணங்களிலிருந்து கணித்து, அங்கிருந்து எவ்விடம் கண்ணுக்குத் தெரியும் என்று கணினி வரைபடத்தில் ஆராய்ந்தார்கள். குன்றின் உச்சி தெரியாது; பாறைத்திட்டு தெரியும். பெர்லி சொன்னதே சரி.

2017 ஜூலை 19 அன்று, ஐந்து பெண்கள் தூக்கிலிடப்பட்டதன் 325ஆம் ஆண்டு நாளில், அங்கே நினைவிடம் திறக்கப்பட்டது. மருந்துக்கடை ஒன்றின் பின்புறம், வீடுகளுக்கிடையே, 19 பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

துப்பறியும் கதையின் முடிவில் கொலையாளி யார் என்று தெரியவரும். சேலத்தில் அதை யாரும் தேடவேண்டியிருக்கவில்லை. மரண ஆணைகளில் கையொப்பம் இருந்தது. மாண்டவர்களின் இடம்தான் தொலைந்துபோயிருந்தது. மரணதண்டனை விதிக்கப்பட்டு, எப்படியோ உயிர்தப்பிய ரெபெக்கா ஈம்ஸின் ஒரு பதில்தான் அதை மீட்டுத் தந்தது. ஏழு முகடு வீட்டைக் கண்டு திரும்பும் பயணி அந்தப் பாறைத்திட்டுக்கும் சென்றுவருவது நல்லது.