எல்லைச் சாவடி, ஒட்டகப் பொதி, செப்டம்பர் பந்தயம்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துத் தென்மேற்கு மூலையில், டயமண்டினா ஆற்றங்கரையில் இருக்கிறது பேர்ட்ஸ்வில். தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் தெற்கு ஆஸ்திரேலியாவின் எல்லை. மேற்கே சிம்சன் பாலைவனத்தின் மணல்மேடுகள். மாநிலத் தலைநகர் பிரிஸ்பேன் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவில் கிழக்குக் கடலோரம் இருக்கிறது. ஆண்டு மழை சராசரியாக 17 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. 1972 டிசம்பரில் இங்கே பதிவான 49.5 டிகிரி செல்சியஸ்தான் குயின்ஸ்லாந்தின் உச்ச வெப்பம். இந்த வெட்டவெளியில் 1880களில் ஒரு கடைத்தெரு உருவானது. அது உருவாகிக்கொண்டிருந்தபோதே, 1882 செப்டம்பரில், குதிரைப் பந்தயமும் தொடங்கியது. கடைத்தெரு பின்னாளில் தேய்ந்துபோனது. பந்தயம் மட்டும் நிலைத்தது.

வெள்ளையர் கடை போடுவதற்கு நெடுங்காலம் முன்பே இது வணிக வழிதான். வாங்ககங்குரு, யார்லுயாண்டி உள்ளிட்ட பழங்குடிகளின் நிலம் இது. மல்லிகன் ஆற்றுப் பக்கம் வளரும் பிட்சூரி என்ற செடியின் இலையில் நிகோடின் மிகுதி. அதைப் பதப்படுத்தி, சாம்பலோடு சேர்த்து மென்றால் பசியும் களைப்பும் தெரியாது. பின்னிய பைகளில் கட்டிய பிட்சூரி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கைமாறிப் போனது. தெற்கே ஃபிளிண்டர்ஸ் மலையிலிருந்து சடங்குகளுக்கான செங்காவியும் அரைகற்களும் வடக்கே வந்தன. கூப்பர் ஆற்றங்கரையில் டியேரி மக்களின் கோப்பெரமன்னா இந்தப் பண்டங்கள் சந்திக்கும் பெரிய இடம். பிற்காலத்தில் மாட்டு மந்தைகள் நடந்த பாதை, பல இடங்களில் இந்தப் பழைய தடத்தையே ஒட்டிச் சென்றது. நீர் இருக்கும் இடங்களை அறிந்தவர்கள் வகுத்த தடத்துக்கு மாற்று இல்லை.

1861இல் ஆய்வுப் பயணிகளான பர்க், வில்ஸ் இருவரும் கூப்பர் ஆற்றங்கரையில் மாண்டார்கள். அவர்களைத் தேடி வந்த குழுக்கள் இப்பகுதியின் புல்வெளியைப் பற்றிய செய்தியோடு திரும்பின. 1870களில் மேய்ச்சல் பண்ணைகள் பரவின. உள்ளூரில் மழையில்லாத இடத்தில் மாடு எப்படிக் கொழுக்கும் என்ற கேள்வி இயல்பானது. பல நூறு கிலோமீட்டர் வடக்கே பெய்யும் கோடை மழை டயமண்டினா, ஜார்ஜினா, கூப்பர் ஆறுகளில் வெள்ளமாக இறங்கி, எண்ணற்ற கால்களாகப் பிரிந்து, சமவெளியெங்கும் மெல்லப் பரவும். வெள்ளம் வடிந்த வண்டலில் எழும் புல், நாட்டின் மிகச் சிறந்த தீவனங்களுள் ஒன்று. அந்த மாடுகளுக்கு உகந்த சந்தை அடிலெய்டு. மந்தைகள் தெற்கே நடக்க, சரக்கு வடக்கே வர, இரண்டும் சந்தித்த ஆற்றுத்துறையில் ஊர் முளைத்தது.

ஊரை வளர்த்தது எல்லைக்கோடுதான். அன்று ஆஸ்திரேலியா ஒரே நாடாக இல்லை. ஆறு தனித்தனிக் காலனிகள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சுங்கம். எல்லையைக் கடக்கும் கால்நடைக்கும் சரக்குக்கும் தீர்வை வாங்கும் சாவடி பேர்ட்ஸ்வில்லில் அமைந்தது. மந்தையோட்டிகள் அங்கே நின்றே ஆக வேண்டும். நின்றால் குதிரைக்கு லாடம் மாற்றுவார்கள், சேணத்தைத் தைப்பார்கள், மாவும் சர்க்கரையும் தேயிலையும் வாங்குவார்கள், குடிப்பார்கள். மூன்று மதுவிடுதிகள், மளிகைக் கடைகள், கொல்லுப் பட்டறை, காவல் நிலையம், இனிப்புப் பானம் செய்யும் சிறு ஆலை எனத் தெரு நிறைந்தது. 1884இல் மணற்கல்லால் கட்டிய பேர்ட்ஸ்வில் விடுதி இன்றும் நடக்கிறது.

அதே காலத்தில் ரயில் பாதை தெற்கே ஹெர்காட் ஸ்பிரிங்ஸ் வரை வந்துவிட்டது. இன்று அந்த ஊருக்கு மரீ என்று பெயர். அங்கிருந்து பேர்ட்ஸ்வில்லுக்கு 517 கிலோமீட்டர். மாடுகள் நாளொன்றுக்குப் பத்து மைல் அளவே நடக்கும்; அதற்கு மேல் விரட்டினால் கொழுப்பு கரைந்து விலை போய்விடும். 1890களில் தெற்கு ஆஸ்திரேலிய அரசு ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு ஒன்றாக ஆழ்கிணறுகள் தோண்டியது. கொதிக்கக் கொதிக்கத் தானே பீறிட்டு வந்த அந்த நீர், கால்வாயில் ஓடி ஆறிய பிறகே மாடு வாய் வைக்கும்.

சரக்கைச் சுமந்தவை ஒட்டகங்கள். அவற்றை நடத்தியவர்களைப் பொதுவாக ஆப்கானியர் என்றார்கள். உண்மையில் பலர் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். வலுவான ஒட்டகம் அரை டன் வரை சுமக்கும். மாவு மூட்டை, சாராயப் பெட்டி, வேலிக் கம்பி, கூரைத் தகடு எல்லாம் அதன் முதுகில்தான் வந்தன. மரீயில் தண்டவாளத்துக்கு ஒருபுறம் வெள்ளையர், மறுபுறம் ஒட்டகக்காரர்களும் பழங்குடிகளும் வாழ்ந்தனர். ஒட்டகக்காரர்கள் மண்ணால் எழுப்பிய பள்ளிவாசல், அந்நாட்டின் மிகப் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்று. இந்த மனிதர்கள் இல்லாமல் பேர்ட்ஸ்வில் கடைகளில் ஒரு பிடி மாவும் இருந்திருக்காது. ஊர்க் கதைகளில் அவர்களுக்குக் கிடைத்த இடமோ மிகச் சிறியது.

கடைத்தெருவில் பணம் புழங்கிய விதம் தனி. வங்கி தொலைவில். சில்லறை அரிது. கடைக்காரர்களும் பண்ணையார்களும் தாமே கையொப்பமிட்ட கடன் சீட்டுகளைக் காசுபோலக் கொடுத்தார்கள். சிலர் அந்தச் சீட்டை அடுப்பில் வாட்டிக் கொடுத்தார்களாம். வாங்கியவர் பையிலேயே அது பொடிந்துபோனால் கடனும் போயிற்று. இந்தப் பேச்சு உட்பகுதி முழுக்க உண்டு. பண்ணையாட்கள் பல மாதக் கூலியை ஒரே காசோலையாக வாங்கி வருவார்கள். அதை மதுவிடுதிக்காரரிடம் கொடுத்துவிட்டு, ‘தீர்ந்தது’ என்று அவர் சொல்லும்வரை குடிப்பதும் தங்குவதும் வழக்கம். கணக்கு அவர் கையில் மட்டுமே இருந்ததால் ஏமாந்தவர்கள் ஏராளம்.

1882 செப்டம்பரில் நடந்த முதல் பந்தயத்துக்குப் பண்ணை உரிமையாளர்கள், மேலாளர்கள், மேய்ப்பர்கள் எனச் சுமார் 150 பேர் திரண்டார்கள். மூன்று நாள் பந்தயம். பரிசுத் தொகை மொத்தம் 200 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அங்கேயே எல்லைப்புறப் பந்தயக் கழகமும் அமைந்தது. ஓடியவை பந்தயத்துக்கென்று வளர்த்த உயர்சாதிக் குதிரைகள் அல்ல. புல் மேய்ந்து வளர்ந்த பண்ணைக் குதிரைகள். முந்தின மாதம் மாடு மடக்கிய குதிரை இந்த மாதம் பந்தயத்தில் நின்றது; அதை ஓட்டியவரும் பெரும்பாலும் அதே மேய்ப்பர். மேடு பள்ளமில்லாத களிமண் தரையே ஓடுதளம். குதிரைகள் கிளப்பிய செந்தூசி அடங்கிய பிறகுதான் முந்தியது எது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். குளிர்கால வேலை முடிந்து, கோடைச் சூடும் பாதையை மறிக்கும் வெள்ளமும் வருவதற்கு முந்திய இடைவெளி என்பதால் செப்டம்பர் பொருந்திவந்தது.

நாட்டுப்புறப் பந்தயங்கள் எங்கும் கடைக்காரர்களின் துணையோடுதான் நடந்தன. திடலில் மதுக்கொட்டகை போடும் உரிமையை ஏலம் விடுவார்கள். மதுவிடுதிக்காரர்கள் போட்டி போட்டு எடுப்பார்கள். அந்த ஏலப்பணம் பரிசு நிதிக்குப் போகும். விடுதிக்காரர்களின் பெயரிலேயே ஓட்டங்கள் இருந்தன. குதிரை கைமாறுவது, அடுத்த மந்தைக்கு ஆள் பேசுவது, ஓராண்டுப் பற்று தீர்ப்பது எல்லாம் இந்தச் சில நாட்களில் நடந்தேறின. நூறு கிலோமீட்டருக்கு ஒரு வீடு என்று சிதறிக் கிடந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேறு வாய்ப்பும் இல்லை. ஆனால் அந்தப் பண்ணைகளின் மாடுகளை மேய்த்தவர்களில் பெரும்பகுதி பழங்குடியினர். அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மாவு, தேயிலை, புகையிலை, துணி; சட்டப்படி சம ஊதியம் வர 1960களின் பிற்பகுதி ஆயிற்று. கடைத்தெருவின் லாபக் கணக்கில் இந்தக் கொடுக்கப்படாத கூலியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1901 ஜனவரி 1 அன்று காலனிகள் ஒன்றிணைந்து ஆஸ்திரேலியக் கூட்டாட்சி பிறந்தது. காலனிகளுக்கிடையே சுங்கம் ஒழிந்தது. நாட்டுக்கு அது நன்மை. பேர்ட்ஸ்வில்லுக்கு அது பேரிடி. நின்றே ஆக வேண்டிய கட்டாயம் போனதும் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. மூன்று மதுவிடுதிகளுள் ஒன்றான ராயல் விடுதி 1923இல் பாதிரியார் ஜான் ஃபிளின் நடத்திய உள்நாட்டுத் திருப்பணியின் மருத்துவ இல்லமாக மாறியது. 1930களில் ஒட்டகத்தின் இடத்தை லாரி பிடித்தது. 1936 முதல் எஸ்மண்ட் குரூஸ் என்ற தபால் ஓட்டுநர், மணலில் இரும்புத் தகடு விரித்து விரித்து மரீயிலிருந்து கடிதமும் சரக்கும் கொண்டுவந்தார். அவரைக் காட்டிய ‘தி பேக் ஆஃப் பியாண்ட்’ படம் 1954இல் வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. பின்னர் மாடுகளும் லாரியேறின. மந்தை நடை நின்றது.

இன்று ஊரில் நிலையாக வாழ்பவர்கள் நூற்றைச் சற்றே தாண்டுவார்கள். செப்டம்பர் முதல் வாரக் கடைசியில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். 1,600 மீட்டர் பேர்ட்ஸ்வில் கோப்பைதான் முதன்மை ஓட்டம். 2007இல் குதிரைக் காய்ச்சலாலும் 2010இல் மழையாலும் பந்தயம் நடக்கவில்லை. திரளும் நிதியில் ஒரு பகுதி, ஃபிளின் 1928இல் தொடங்கிவைத்த பறக்கும் மருத்துவர் சேவைக்குப் போகிறது.