நன்னீர் ஊரின் தமிழ்க் குடும்பங்கள்

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், சித்தியவானிலிருந்து உள்நாட்டுப் பக்கமாகச் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் ஆயர் தாவார். மலாய் மொழியில் ஆயர் என்பது நீர். தாவார் என்பது உவர்ப்பற்றது. எனவே நன்னீர் ஊர் என்று அதனைத் தமிழாக்கலாம். வரலாற்று நூல்களில் இவ்வூருக்குத் தனி அதிகாரம் கிடையாது. அரசன் வீற்றிருந்த நகரமுமன்று. பெரும்போர் நிகழ்ந்த களமுமன்று. ஆயினும் மலேசியத் தமிழரின் இல்லற வாழ்வு எங்ஙனம் உருப்பெற்றது என்பதை அறிய விழைவோர், தலைநகரை நோக்குவதைக் காட்டிலும் இத்தகைய சிற்றூர்களையும் அவற்றைச் சூழ்ந்திருந்த தோட்டங்களையும் நோக்குவதே பயன் தரும்.

இவ்வட்டாரத்தின் வரலாறு தமிழரோடு தொடங்கியதன்று. 1903ஆம் ஆண்டில் சீனத்தின் பூச்சௌ பகுதியிலிருந்து மெதடிஸ்த கிறித்தவர்கள் ஏறத்தாழ 360 பேர் சித்தியவானில் குடியேறினர். முதலில் நெல் விளைவிக்க முயன்ற அவர்கள் பின்னர் ரப்பரை நாடினர். தம் குடும்பத்தோடும் தம் தேவாலயத்தோடும் வந்து, தமக்கென நிலம் பெற்றவர்கள் அவர்கள். தமிழன் வந்த வழியோ வேறு. அவனுக்குக் கிடைத்தது நிலமன்று, அந்நிலத்தில் வேலை.

ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1907இல் தமிழர் குடியேற்ற நிதி தோற்றுவிக்கப்பட்டு, தோட்ட முதலாளிகள் செலுத்திய வரிப்பணத்தில் தொழிலாளர்க்கு இலவசக் கப்பல் பயணம் அளிக்கப்பட்டது. கங்காணி தன் ஊருக்குச் சென்று, உற்றாரையும் அண்டை அயலாரையும் திரட்டி வந்தார். தொடக்கத்தில் வந்தோர் பெரும்பாலும் தனித்த ஆடவர். மலாயா இந்தியரிடையே பெண்களின் தொகை, 1921ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போதும் ஆண்களின் தொகையில் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. பெண்கள் வரத் தொடங்கிய பின்னரே லயம் வீடாயிற்று.

ஆயின் அது எத்தகைய வீடு? ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகள். ஓர் அறையில் எழும் குழந்தையின் அழுகை வரிசை முழுதும் கேட்கும். ஒருத்தி தாளிக்கும் மணம் பத்து வீடுகளுக்கு எட்டும். பொழுது புலருமுன்பே பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படும். கதிரவன் ஏறிவிட்டால் மரத்திலிருந்து வடியும் பால் குறைந்துவிடும் ஆதலால், மரமே வீட்டின் கடிகாரமாக இருந்தது எனலாம். தாய் விளக்கொளியில் சமைத்து, உறங்கும் குழந்தையைத் தூக்கிச் சென்று ஆயாக்கொட்டகையில் விட்டு, பால்வாளியோடு நிரைக்குச் செல்வாள். நண்பகலுக்குமேல் திரும்பியபின் அவளுடைய இரண்டாவது வேலைநாள் அடுப்படியில் தொடங்கும். அதற்குச் சம்பளம் இல்லை. மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. வெட்டாத நாளுக்கு ஊதியமும் இல்லை. தமிழகத்து உழவன் வானம் பார்த்து மழை வேண்டினான். அவன் பேரன் மலாயாவில் விடியலில் மழை வேண்டாமென்று வேண்டினான்.

அவ்வேண்டுதலைக் கேட்ட தெய்வம் மாரியம்மன். மழைக்குரிய அம்மையிடமே மழையை நிறுத்தக் கேட்டது ஒரு வியப்புத்தான். மரத்தடியில் நட்ட கல்லும் சூலமுமாகத் தொடங்கிய கோயில்கள், பின்னர்த் தகரக் கூரை பெற்று, காலப்போக்கில் சிறு கோபுரமும் பெற்றன. முனீசுவரரும் மதுரைவீரனும் காளியம்மனும் தத்தம் எல்லையில் இடங்கொண்டனர். திருவிழாவுக்கான பணத்தைத் தொழிலாளர் சம்மதத்தோடு சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கருதுதல் வேண்டும். தமிழ்க் குடும்பத்திற்கு ஊர்த்தெய்வம் வேறு, குலதெய்வம் வேறு. குழந்தையின் முதல் முடியிறக்கமும் காதுகுத்தும் குலதெய்வத்தின் முன் நிகழவேண்டியவை. அக்குலதெய்வமோ கடலுக்கு அப்பால், தஞ்சையிலோ திருச்சியிலோ சேலத்திலோ ஒரு கிராமத்து எல்லையில் இருந்தது. 'ஊருக்குப் போகும்போது முடியிறக்கலாம்' என்று குழந்தையின் சடையை வளரவிட்டுக் காத்திருப்பது ஒரு நிலை. காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டு, தோட்டத்து மாரியம்மன் முன்பே முடியிறக்குவது அடுத்த நிலை. முடிச்சே மறந்துபோவது மூன்றாம் நிலை. இந்திய அரசு 1938ஆம் ஆண்டில் தொழிலாளர் குடியேற்றத்திற்குத் தடை விதித்ததும், பின்னர்ப் போர் கப்பல் வழியை அடைத்ததும் இந்நிலை மாற்றத்தை விரைவுபடுத்தியிருக்க வேண்டும். ஒரு குடும்பம் எப்போது மலாயாவைத் தன் நாடாகக் கொண்டது என்பதற்குக் குடியுரிமைச் சான்றிதழைவிட, அக்குடும்பத்துக் குழந்தையின் தலை எவ்விடத்தில் மழிக்கப்பட்டது என்பதே நம்பத்தக்க ஆவணம்.

இக்கோயில்களைப் பற்றிப் பேசும்போது அவற்றின் குறையையும் மறைத்தலாகாது. சாதி கப்பலேறி வந்தது. சில தோட்டங்களில் லயங்களைப் பிரித்ததும் அதுவே. 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து, ஈப்போவில் நடைபெற்ற தமிழர் சீர்திருத்த மாநாட்டில் உரையாற்றியபின், சீர்திருத்தக் கருத்துகள் பேராக் தோட்டங்களிலும் பேசப்பட்டன. பக்தியும் பகுத்தறிவும் ஒரே லயத்தின் இரு திண்ணைகளில் அமர்ந்து வாதிட்ட காலம் அது. கள்ளுக்கடையைக் கண்டித்ததில் மட்டும் இரு திண்ணையும் ஒன்றுபட்டன. சம்பள நாளன்று அக்கடையில் கரைந்த பணத்திற்கு வீட்டுப் பெண்களே கணக்குச் சொல்ல வல்லவர்கள்.

தோட்டப் பள்ளிகளைப் பற்றி ஆசிரியர் பெருமக்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், போதிய பிள்ளைகள் இருக்கும் தோட்டங்களில் பள்ளி வைக்கும் கடமையை நிர்வாகத்தின்மேல் சுமத்தியது. சட்டம் எதிர்பார்த்ததைவிட அவ்வாசிரியர்கள் செய்தது மிகுதி. எழுதப் படிக்கத் தெரியாத குடும்பங்களுக்கு ஊர்க்கடிதம் எழுதித் தந்தவரும், வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னவரும் பெரும்பாலும் அவரே. ஒரு மரணச் செய்தியை எவ்வாறு படித்துக் காட்டுவது என்பதை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் அவருக்குக் கற்பித்ததில்லை.

பின் வந்த இருபதாண்டுகள் குடும்பங்களைச் சிதைத்தன. சப்பானியர் 1942-43இல் அமைத்த 415 கிலோமீட்டர் நீளச் சயாம்-பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர், மீளாதோர் பலர். இறந்தார் என்ற செய்தியும் வாராமல், இருக்கிறார் என்ற செய்தியும் வாராமல், தாலியை என்ன செய்வதென்று அறியாது வாழ்ந்த பெண்களின் துயரம் கணக்கில் அடங்காதது. அவர்கள் மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பிள்ளைகளை வளர்த்தனர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலமும் பேராக்கில், சுங்கை சிப்புட்டில்தான் மூண்டது. சீனர் புதுக்கிராமங்களுக்குள் அடைக்கப்பட்டனர். தோட்ட லயங்களைச் சுற்றியும் முள்வேலி எழுந்தது. உணவுக் கட்டுப்பாட்டால், வேலைக்காட்டுக்குச் சோறு கட்டிச் செல்லும் வழக்கமும் தடைப்பட்டது.

விடுதலைக்குப் பின்னும் அமைதி முழுமையாகவில்லை. ஐரோப்பியர் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. உங்கு அசீஸ் 1962இல் வெளியிட்ட ஆய்வு, அதனால் தொழிலாளர்க்கு நேர்ந்த இழப்பை எடுத்துக்காட்டியது. தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயர் தாவாரில் அவர் பெயரைத் தாங்கிய குடியிருப்பும் தமிழ்ப்பள்ளியும் இன்றும் உள்ளன. ஆயினும் 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோரை வேலை அனுமதி கேட்டு நிற்க வைத்தது. தந்தை தாயகம் திரும்ப, பிள்ளைகள் இங்கே தங்கிய குடும்பங்கள் உண்டு. முடியிறக்கிய மண்ணே அவர்களுக்கு அயல்மண்ணாயிற்று.

அதன்பின் ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியதில்லை. இளையோர் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் பெயர்ந்தனர், லயங்கள் வெறுமையாயின. தோட்டம் மறைந்தபின்னும் 'லாடாங்' என்னும் சொல்லைத் தம் பெயரில் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இவ்வட்டாரத்தில் உள. தோட்டத்து நிலத்தில் பட்டாவின்றி எழுந்த கோயில்களுக்கு அந்நிலம் கைமாறும்போதெல்லாம் கேள்வி எழுந்தது. சம்பளத்தில் பிடித்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கி வைத்தவர் எவர்?

மஞ்சோங் மாவட்டத்தின் பெருவிழா பங்கோர்த் தீவுப் பத்திரகாளியம்மன் ஆலயத்து மாசி மகம். ரப்பர் மரம் இலையுதிர்த்துப் பால் சுருங்கும் பருவத்தில் அவ்விழா வருவதால், தோட்டத்தாருக்கு அது ஓய்வோடு இசைந்த நாளாக இருந்தது. இன்று அப்பருவத்தை எண்ணி வருவோர் இலர், மரமும் இல்லை. எனினும் மாசி மகத்தன்று லுமுட் படகுத்துறையில் பல ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் வரிசையில் நிற்கின்றன. அவ்வரிசையில் முடியிறக்கும் வேண்டுதலுக்காகச் சடை வளர்த்த குழந்தைகளும் இருப்பர்.