உத்திரமேரூர்ச் சுவரும் உறவுமுறையும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு ஒருநாட் சுற்றுலாவாக வருவோரை வழிகாட்டிகள் கல்வெட்டுச் சுவரின்முன் நிறுத்தி, மக்களாட்சி பிறந்த இடம் இதுவென்பர். முழுதும் பிழையன்று, ஆயினும் அங்கு நிகழ்ந்தது வாக்களிப்பன்று, திருவுளச்சீட்டு. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். அவ்வோலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்றான். மடங்கிய விரலுக்குள் ஓலை மாறுமென்று அஞ்சியிருப்பர் போலும்!

முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுச் சாசனங்கள் (கி.பி. 919, 921) இரண்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். முன்னதில் 30 முதல் 60 வரையிருந்த வயதெல்லை, ஈராண்டிற்குள் 35 முதல் 70 வரையென மாறிற்று. பின்னது யார் வரலாகாது என்பதையே விரித்துரைக்கிறது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்று. அவன் தந்தை, மகன், மாமன், மைத்துனன், மகளை மணந்த மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள் என யாவரும் விலக்கப்பட்டனர். தமிழின் உறவுப்பெயர்கள் இத்துணைக் கடுமையாய் வேறெங்கேனும் அடுக்கப்பட்டனவா என்பது ஐயமே. கணக்கின்றிக் கரைந்த ஊர்ப்பணம் அவ்வடுக்கின்பின் நிற்கிறது.

இறையிறுக்கும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறைப்பயிற்சியும் வேண்டிய சதுர்வேதிமங்கலத்துச் சபை அது. அவ்வயல்களை உழுதோர் பெயரும் பெண்டிர் பெயரும் குடத்துள் விழவில்லை.