நேயர் சந்தாவும் நிலைய உரிமையும்: அமெரிக்கப் பசிபிக்கா வானொலியின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

விளம்பரதாரரையும் அரசையும் சாராமல், நேயர்கள் தாமே விரும்பிச் செலுத்தும் சந்தாவைக் கொண்டு இயங்கும் வானொலி என்னும் கருத்துக்கு நடைமுறை வடிவம் தந்தது அமெரிக்காவின் பசிபிக்கா அறக்கட்டளை. அதன் நிறுவனர் லூயிஸ் ஹில் வகுத்த கோட்பாடு ஒலிபரப்பாளரின் சுதந்திரத்தைக் காக்க எழுந்ததேயன்றி, நேயருக்கு ஆட்சியுரிமை வழங்க எழுந்ததன்று. இவ்விடைவெளியே 1999ஆம் ஆண்டின் நெருக்கடிக்கு அடிப்படையாயிற்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பசிபிக்கா, கே.பி.எஃப்.ஏ., லூயிஸ் ஹில், நேயர் சந்தா, சமுதாய வானொலி, அலைக்கற்றை உரிமம்

முன்னுரை

‘சமுதாய வானொலி’ என்னும் தொடர் தமிழ் வாசகருக்கு, 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்றது போன்ற வளாக நிலையங்களையே முதலில் நினைவூட்டும். அவற்றின் செலவைப் பெரும்பாலும் நிறுவனம் ஏற்கிறது. நேயர் பயனாளியாக மட்டும் இருக்கிறார். இதனின்றும் வேறுபட்ட மரபொன்று இத்தொடர் புழக்கத்திற்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் தோன்றியது. அங்கு நிலையத்தின் செலவை நேயரே ஏற்றார். ‘செலவை ஏற்பவருக்கு நிலையத்தின்மீது என்ன உரிமை?’ என்னும் வினாவும் அதனுடனேயே பிறந்தது. ஆனால் அவ்வினா வெளிப்படையாக எழுப்பப்படுவதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின.

போர் மறுப்பாளரின் வானொலி

லூயிஸ் ஹில் 1919இல் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இரண்டாம் உலகப்போரின்போது மனச்சான்றின் அடிப்படையில் படைப்பணியை மறுத்தார். அவ்வாறு மறுத்தோருக்கென அமைக்கப்பட்ட பணிமுகாமில் சில காலம் கழித்தார். பின்னர் வாஷிங்டன் நகரில் வானொலிச் செய்தி வாசிப்பாளராகப் பணியாற்றினார். போர் மறுப்பாளர்கள் தமக்குள் பேசிக்கொள்வதோடு நின்றுவிடுகின்றனர், அவர்தம் குரல் பொதுமக்களைச் சென்றடையவில்லை என்பது அவருடைய கவலை. 1946இல் பசிபிக்கா அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டபோது இக்கவலையே அதன் வித்தாக அமைந்தது. ‘பசிபிக்’ என்னும் பெயர் பெருங்கடலை நினைவூட்டினும், அமைதி என்னும் அதன் இலத்தீன் வேர்ப்பொருளே நிறுவனர்களின் உள்ளக்கிடக்கையோடு நெருங்கியது.

தொடக்கத் திட்டம் பெர்க்லிக்கு உரியதன்று. கப்பல் கட்டும் தொழிலாளர் மிகுந்த ரிச்மண்ட் நகரில், எல்லா வீடுகளிலும் கேட்கக்கூடிய மத்திய அலை நிலையமொன்றை அமைக்கவே நிறுவனர்கள் விரும்பினர். அதற்கு உரிமம் கிட்டவில்லை. எஞ்சியிருந்த வழி பண்பலை. அன்றைய நிலையில் அது பாலைநிலம் போன்றது. 1945இல் கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம் பண்பலைக்குரிய அலைவரிசைகளை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு மாற்றியதால், அதற்கு முன் விற்பனையான பண்பலைப் பெட்டிகள் பயனற்றுப் போயின. புதிய பெட்டிகளை வாங்கியோர் மிகச் சிலரே.

இச்சூழலில் 1949 ஏப்ரல் 15 அன்று கே.பி.எஃப்.ஏ. ஒலிபரப்பைத் தொடங்கியது. நிகழ்ச்சி கேட்க விரும்பியோருக்குப் பண்பலைப் பெட்டி கிடைக்கவும் நிலையமே வழிசெய்ய வேண்டியிருந்தது. தொழிலாளருக்கென நினைக்கப்பட்ட வானொலி, பெட்டி வாங்க வசதியும் ஆர்வமும் உடைய கற்றோரின் வானொலியாக மாறியது இவ்வாறே. கொள்கை மாற்றத்தினும் அலைக்கற்றை விதியே இதற்குக் காரணமாயிற்று என்பது வானொலி வரலாற்றாய்வில் போதிய அளவு வலியுறுத்தப்படாத செய்தியாகும்.

இரண்டு விழுக்காட்டுக் கணக்கு

பதினாறு மாதங்களுக்குள் பணம் தீர்ந்தது. 1950 ஆகஸ்டில் நிலையம் மௌனமாயிற்று. நேயர்கள் கூடிப் பேசினர், நன்கொடை திரட்டினர், 1951 மே மாதத்தில் ஒலிபரப்பு மீண்டும் தொடங்கியது. அதே ஆண்டில் ஃபோர்டு அறக்கட்டளையின் முதியோர் கல்வி நிதியத்திலிருந்து 1,50,000 டாலர் கிடைத்தது. நேயர் பணத்தால் மட்டுமே வளர்ந்தது பசிபிக்கா என்னும் பொதுக்கருத்து, இவ்வுதவியைக் கருதும்போது ஓரளவு திருத்தம் பெற வேண்டியதாகிறது.

1951இல் ஹில் எழுதிய ‘நேயர் சந்தா வானொலிக் கோட்பாடு’ என்னும் கட்டுரையே இம்மரபின் மூல ஆவணம். அதில் அமைந்த கணக்கு எளியது. நிலையத்தைக் கேட்கக்கூடிய பண்பலை நேயருள் நூற்றுக்கு இருவர் ஆண்டுக்குப் பத்து டாலர் செலுத்தினால் நிலையம் தன் காலில் நிற்கும். சந்தா செலுத்தாதவரும் கேட்கலாம். அவரைத் தடுக்கும் வழி இல்லை, தடுக்க வேண்டியதும் இல்லை. கேட்பதற்குக் கட்டணம் இல்லாத நிலையில் ஒருவர் தாமாக முன்வந்து பணம் செலுத்துகிறார் எனின், அந்நிகழ்ச்சி தமக்கு மட்டுமன்றிப் பிறருக்கும் தேவையென அவர் கருதுகிறார் என்பதே பொருள். விளம்பரத்தை நம்பும் நிலையம் பெருந்திரளை நாட வேண்டும். ஆகவே எவரையும் புண்படுத்தாத நிகழ்ச்சியையே அது தேடும். நூற்றில் இருவரை நம்பும் நிலையத்திற்கு அந்த அச்சம் இல்லை.

இக்கோட்பாட்டின் மையத்தில் நிற்பவர் நேயர் அல்லர் என்பதே இங்குக் கருதத்தக்கது. ஹில் தம் கட்டுரையில் மீண்டும் மீண்டும் நினைப்பது ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருப்பவரை. வணிக வானொலியில் அவர் தாம் நம்பாத சொற்களைத் தம் சொற்கள் போல வாசிக்கிறார். தாம் பேசுவதற்குத் தாம் பொறுப்பேற்கும் நிலை அவருக்கு இல்லை. அப்பொறுப்பை மீட்டுத் தருவதற்குரிய பொருளியல் ஏற்பாடே நேயர் சந்தா. நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுப்பதிலோ நிருவாகத்திலோ சந்தாதாரருக்கு இடமளிக்கும் கருத்து அதில் இல்லை. தொடக்ககால அறக்கட்டளையின் ஆட்சியும் ஊழியரும் அவர்தம் வட்டத்தினருமான சிறு குழுவிடமே இருந்தது. அக்குழுவிலும் ஒற்றுமை நிலைக்கவில்லை. 1953இல் ஹில் பதவி விலகினார்; 1954இல் திரும்பினார். நோயாலும் உட்பூசலாலும் சோர்வுற்றிருந்த அவர் 1957 ஆகஸ்டு 1 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 38.

உரையாடலிலிருந்து எதிர்க்குரலுக்கு

முதல் பத்தாண்டில் கே.பி.எஃப்.ஏ.வை ‘இடதுசாரி வானொலி’ என வரையறுப்பது முழுமையாகப் பொருந்தாது. கீழைத் தத்துவம் பேசிய ஆலன் வாட்ஸ், நூல் மதிப்புரை வழங்கிய கவிஞர் கென்னத் ரெக்ஸ்ராத், பின்னாளில் புகழ்பெற்ற திரைத்திறனாய்வாளர் பாலின் கேல் ஆகியோரோடு, பிற்காலத்தில் ரீகன் அமைச்சரவையில் பாதுகாப்புத்துறை வகித்த கேஸ்பர் வைன்பெர்கரும் அங்குக் கருத்துரை வழங்கினார். முரண்பட்டோர் ஒரே மேடையில் பேசினால் பகைமை குறையும் என்பது நிறுவனர்களின் நம்பிக்கை. பனிப்போர்க் காலத்தின் அழுத்தத்தால் அவ்வுரையாடல் இலட்சியம் மெல்ல மங்க, ஒடுக்கப்பட்ட கருத்துக்கு இடமளிக்கும் கருத்துரிமை இலட்சியம் மேலெழுந்தது என்பது மாத்யூ லேசர் 1999இல் வெளியிட்ட ஆய்வின் முடிபு. நிலைய வரலாறு இதனைப் பெரிதும் உறுதிப்படுத்துகிறது.

1959இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கே.பி.எஃப்.கே. தொடங்கியது. 1960இல் லூயி ஷ்வைட்சர் என்னும் செல்வர் நியூயார்க்கிலிருந்த தம் டபிள்யூ.பி.ஏ.ஐ. நிலையத்தையே பசிபிக்காவுக்குக் கொடையாக அளித்தார். 1962 அக்டோபரில் அந்நிலையம், கூட்டரசுப் புலனாய்வுத் துறையின் முன்னாள் பணியாளர் ஜாக் லெவின் அத்துறையைக் குறைகூறிய பேட்டியை ஒலிபரப்பியது. 1963 சனவரியில் செனட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழு பசிபிக்காவினரை விசாரணைக்கு அழைத்தது. உரிமங்கள் நிலுவையில் வைக்கப்பட்டன. பொதுவுடைமைக் கட்சித் தொடர்பு குறித்த உறுதிமொழியை ஆணையம் கேட்டபோது அறக்கட்டளை அளிக்க மறுத்தது. 1964 சனவரி 22 அன்று ஆணையம் உரிமங்களை வழங்கித் தீர்ப்பளித்தது. சிலர் உவக்காத நிகழ்ச்சி என்பதற்காக உரிமத்தை மறுத்தல் தகாது என்னும் அத்தீர்ப்பின் நிலைப்பாடு பசிபிக்காவுக்கு மட்டுமன்றி அமெரிக்க ஒலிபரப்புத் துறைக்கே அரணாயிற்று.

ஹூஸ்டன் நிலையமான கே.பி.எஃப்.டி. வேறு வகையான எதிர்ப்பைச் சந்தித்தது. 1970 மார்ச் 1 அன்று தொடங்கிய அதன் ஒலிபரப்புக் கருவி மே 12 அன்று குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. பழுது நீக்கி இயங்கத் தொடங்கியபின் அக்டோபர் 6 அன்று மீண்டும் தகர்க்கப்பட்டது. கூ கிளக்ஸ் கிளான் அமைப்பைச் சேர்ந்த ஒருவர் பின்னர் தண்டிக்கப்பட்டார். 1971 சனவரியில் நிலையம் மூன்றாம் முறையாக ஒலிக்கத் தொடங்கியது. 1973இல் டபிள்யூ.பி.ஏ.ஐ. ஒலிபரப்பிய ஜார்ஜ் கார்லினின் நகைச்சுவை உரை தொடர்பான வழக்கில், 1978இல் உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில் பசிபிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சட்டநூல்கள் இவ்வழக்கையே மிகுதியாகப் பேசுகின்றன. நிறுவனத்தின் உள்வரலாற்றில் அதற்குரிய இடம் சிறிதே.

அலைக்கற்றையின் விலை

வெளியிலிருந்து வந்த தாக்குதல்கள் நேயரை நிலையத்தோடு பிணைத்தன. பிணக்கு உள்ளிருந்து எழுந்தபோதுதான் கோட்பாட்டின் இடைவெளி புலனாயிற்று.

இதன் வேர் 1940களிலேயே இருந்தது. பண்பலையில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி வணிகமல்லாத கல்வி நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. கே.பி.எஃப்.ஏ.வின் 94.1, டபிள்யூ.பி.ஏ.ஐ.யின் 99.5 ஆகிய இரண்டும் அப்பகுதிக்கு வெளியே, வணிகப் பகுதியில் அமைந்தவை. கேட்பாரற்றிருந்த பண்பலை, நாற்பது ஆண்டுகளில் வானொலி வணிகத்தின் முதன்மைத் தளமாயிற்று. எனவே, விற்கப்படின் பல கோடி டாலர் பெறத்தக்க சொத்து, பத்தும் இருபதும் அளித்த நேயர்களால் வளர்க்கப்பட்ட நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆயினும் உரிமம் அறக்கட்டளையின் பெயரிலேயே இருந்தது. அறக்கட்டளையை ஆண்டது தேசிய ஆட்சிக்குழு.

பொது ஒலிபரப்புக் கழகத்திடமிருந்து பசிபிக்கா பெற்றுவந்த அரசு நிதியும் இதில் பங்கு வகித்தது. நிலையங்களின் உள்ளூர் அறிவுரைக் குழுவினர் ஆட்சிக்குழுவில் அமர்தல் கூடாது என்னும் அக்கழகத்தின் விதியைக் காரணம் காட்டி, 1999 பிப்ரவரியில் ஆட்சிக்குழு தன் உறுப்பினரைத் தானே தேர்ந்தெடுக்கும் வகையில் துணைவிதிகளை மாற்றியது. நேயர் பக்கத்திலிருந்து ஆட்சிக்குழுவுக்குச் செல்ல இருந்த ஒரே வழி இதனால் அடைபட்டது. அடுத்த மாத இறுதியில் கே.பி.எஃப்.ஏ.வின் பொது மேலாளர் நிக்கோல் சவாயாவின் பணி நீட்டிக்கப்படவில்லை. அதைப் பற்றி ஒலிபரப்பில் பேசக்கூடாது என ஆணையிடப்பட்டது. தாம் பேசுவதற்குத் தாமே பொறுப்பேற்கும் ஒலிபரப்பாளருக்காக நிறுவப்பட்ட நிலையத்தில் பிறந்த ஆணை இது. தடையை மீறிப் பேசிய மூத்த செய்தியாளர் லேரி பென்ஸ்கி நீக்கப்பட்டார்.

சூலைத் திங்களில், நிலையத்தை விற்பது குறித்து ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவர் எழுதிய மின்னஞ்சல் தவறுதலாக வெளியாருக்குச் சென்று அம்பலமானது. சூலை 13 அன்று இச்செய்தியை அறிவித்த ஒலிபரப்பாளர் ஒருவர் நிலையத்திலிருந்து வலிந்து வெளியேற்றப்பட்டார். அக்காட்சியின் ஒலி நேரலையில் நேயரைச் சென்றடைந்தது. ஊழியர் வெளியே நிறுத்திப் பூட்டப்பட்டனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். பழைய ஒலிப்பதிவுகள் ஒலிபரப்பாயின. சூலை 31 அன்று ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் பெர்க்லித் தெருக்களில் அணிவகுத்தனர். வானொலி நிலையமொன்றை மீட்கத் திரண்ட கூட்டங்களுள் அது மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஆகஸ்டில் ஊழியர் திரும்பினர். எனினும் 2000 திசம்பரில் டபிள்யூ.பி.ஏ.ஐ.யிலும் அதே முறையில் பூட்டுகள் மாற்றப்பட்டன.

நேயர் தொடுத்த வழக்குகளின் விளைவாக 2001 திசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது; 2003இல் புதிய துணைவிதிகள் வந்தன. ஆண்டுக்கு 25 டாலர் கொடுத்தவரோ மூன்று மணிநேரம் தன்னார்வப் பணி செய்தவரோ உறுப்பினர், அவருக்கு வாக்குண்டு. ஒவ்வொரு நிலையத்திற்கும் 24 பேர் கொண்ட குழு. அவருள் 18 பேர் நேயர், 6 பேர் ஊழியர். தேர்தலுக்கு ஒற்றை மாற்று வாக்கு முறை, அதாவது இந்திய மாநிலங்களவைத் தேர்தலில் கையாளப்படும் முறை, ஏற்கப்பட்டது. பணம் இல்லாதவருக்கு உழைப்பின்வழி வாக்குரிமை அளித்த இவ்விதி, ஹில் கோட்பாட்டில் இல்லாத ஒன்றை முதன்முறையாகச் சேர்த்தது.

தேர்தலுக்குப் பின்

வாக்குரிமை பூசலை ஒழிக்கவில்லை. அதற்கு ஒழுங்கான களத்தை அமைத்துக் கொடுத்தது. ஐந்து நிலையங்களிலும் அணிகள் உருவாயின. தேர்தலுக்கே பெரும் பொருள் செலவாயிற்று. அதே காலத்தில் இணையவழிக் கேட்பு பெருகியதால் மாற்றுச் செய்திக்கு வானொலியே கதி என்னும் நிலையும் மாறியது. நிதி திரட்டும் நாள்கள் நீண்டன. நன்கொடைக்கு ஈடாக மாற்று மருத்துவப் பொருள்களை முன்னிறுத்தும் நிகழ்ச்சிகள் பெருகியபோது, விளம்பரத்தை முன்வாயிலில் மறுத்த நிறுவனம் பின்வாயிலில் அதனை ஏற்றதென நேயரே குறைகூறினர். அக்குறை நியாயமானதே.

எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் அலைக்கம்பம் வைத்திருந்ததற்கான வாடகை நிலுவைக்காக, 2017இல் ஏறத்தாழ 18 இலட்சம் டாலர் செலுத்துமாறு நியூயார்க் நீதிமன்றம் பசிபிக்காவுக்கு ஆணையிட்டது. 2018இல் 37 இலட்சம் டாலர் கடன் பெற்று அக்கடன் தீர்க்கப்பட்டது. 2019 அக்டோபர் 7 அன்று அறக்கட்டளையின் இடைக்கால இயக்குநர் டபிள்யூ.பி.ஏ.ஐ. ஊழியரை நீக்கி, கலிபோர்னியாவிலிருந்து தொகுத்த நிகழ்ச்சிகளை அதன் அலைவரிசையில் ஒலிபரப்பச் செய்தார். நிதிநிலை காரணமாகக் கூறப்பட்டது. இம்முறை தெரு ஊர்வலத்தினும் முந்தி நின்றது நீதிமன்றம். தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையக்குழுவினர் துணைவிதிகளைக் கையில் ஏந்தி அங்குச் சென்றனர். ஒரு மாதத்தில் உள்ளூர் நிகழ்ச்சிகள் 99.5இல் மீண்டும் ஒலித்தன.